விழுந்த பல்லுக்குப் பதிலாக ஒரு பல்: மார்க்கமும் மருத்துவமும்



வந்த கடிதங்களில் ஒன்றை இம்மாதப் பக்கம் முழுவதற்கும் எடுத்துக்கொள்கிறேன். கிழக்கிலங்கையிலிருந்து ஒரு சகோதரி தன் உம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார். உம்மாவுக்கு வயது ஐம்பத்தாறு. இருபது வருடங்களுக்கு மேலாகத் தன் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து அயல் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து வந்தவர். மேல்வரிசையின் முன்பற்கள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக ஆடி விழுந்துவிட்டன. அதன் பிறகு "தா"வும் "ழா"வும் அவர் வாயிலிருந்து வெறும் காற்றாகப் போகின்றன. ஒரு நாள் சின்னப் பிள்ளையொன்று அதைப் போலவே சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறது. அன்றோடு உம்மா பாயைச் சுருட்டி வைத்துவிட்டார். கலியாண வீடுகளுக்கும் போவதில்லை. கட்டார் நாட்டில் வேலை செய்யும் மகன், எலும்பில் பதிக்கும் பல் போட்டுவிடுங்கள், பணம் அனுப்புகிறேன் என்கிறார். மச்சியோ, அது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது, எலும்புக்குள் இரும்பு இருந்தால் கடமையான குளிப்பும் கூடாது என்கிறார். உம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, "மௌத்தாகப் போற வயதில எனக்கு எதுக்குப் பல்லு" என்று முடித்துவிட்டாராம்.

முதலில் அந்த உம்மாவுக்கு ஒரு வார்த்தை. பல் இல்லாததால் எழுத்து சரியாக வராவிட்டால் தொழுகைக்குக் குறைவில்லை. இயலாத ஒன்றை அல்லாஹ் யாரிடமும் கேட்பதில்லை. ஆனால் ஓதிக் கொடுப்பது வேறு. அரபுக் கல்லூரியில் தஜ்வீத் பாடம் எடுக்கும் எனக்கு இந்தக் கவலை நன்றாக விளங்குகிறது. "தா", "தால்", "ழா" என்ற மூன்று எழுத்துக்களும் நாவின் நுனி மேல் முன்பற்களின் ஓரத்தைத் தொடும்போது பிறப்பவை. "பா" என்ற எழுத்து அதே பற்களின் ஓரம் கீழுதட்டின் உட்புறத்தில் படும்போது வருவது. மேல் முன்பற்கள் போனால் மக்ரஜே போய்விடுகிறது. பிள்ளைகள் காதால் கேட்டுத்தான் பழகுகிறார்கள். ஆகவே இது அலங்காரம் பற்றிய கேள்வி அல்ல. ஒரு ஊரில் இருபது வருடமாக நடந்த ஓதல் நின்றுபோனது பற்றிய கேள்வி.

மச்சியின் வாதத்துக்கு வருவோம். அவர் மனதில் இருப்பது, அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களைக் கண்டிக்கும் ஹதீஸாக இருக்கலாம். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் மூலம் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் வந்துள்ள செய்தி அது. அதில் "அழகுக்காக" என்ற நிபந்தனை இருக்கிறது. ஆரோக்கியமான பல்லை அராவுவதும், விழுந்துபோன பல்லின் இடத்தை நிரப்புவதும் ஒன்றாகா. பின்னதற்கு வேறோர் ஆதாரம் உண்டு. அர்பஜா இப்னு அஸ்அத் (ரழி) என்ற ஸஹாபி, அறியாமைக் காலத்தில் குலாப் என்ற போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் மூக்குச் செய்து வைத்தார். அது துர்நாற்றம் எடுத்தது. தங்கத்தால் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயி ஆகிய கிரந்தங்களில் இது பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும் தேவைக்காக அனுமதிக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். இதை வைத்தே தங்கத்தால் பல் கட்டுவதையும் இமாம்கள் ஆகுமாக்கினார்கள். ஷாபிஈ மத்ஹபில் இது தெளிவான சட்டம். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் பல்லுக்கு வெள்ளியே போதும் என்றார்கள். அவர்களுடைய மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் தங்கத்தையும் அனுமதித்தார்கள். (நல்ல பல்லுக்கு மேல் தங்கக் கூடு மாட்டிச் சிரித்துக் காட்டும் பழைய பழக்கம் இந்த அனுமதிக்குள் வராது.)

மாற்றுப் பல் வைப்பது மேற்கத்தையர் நேற்றுக் கண்டுபிடித்த புதுமை என்றும் எண்ண வேண்டாம். குர்துபாவைச் சேர்ந்த மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்தவர், தம்முடைய "அத்தஸ்ரீப்" என்ற நூலின் சத்திர சிகிச்சைப் பகுதியில் ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டும் முறையை விவரித்துள்ளார். விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் பல் செதுக்கி அதேபோல் கட்டி வைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்.

இக்காலத்து முறை இதிலிருந்து எங்கே வேறுபடுகிறது? அன்று பல்லின் தலையை மட்டும் மாற்றினார்கள். இன்று வேரையே மாற்றுகிறார்கள். டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த சிறிய திருகாணி, ஒரு சென்டிமீற்றர் அளவு நீளமும் நான்கு மில்லிமீற்றர் அளவு தடிப்பும் கொண்டது, தாடை எலும்புக்குள் வைக்கப்படுகிறது. எலும்பு அதைச் சுற்றி வளர்ந்து பிடித்துக்கொண்ட பிறகு, அதன் மேல் ஒரு இணைப்புத் துண்டும், அதற்கு மேல் பீங்கான் பல்லும் பொருத்தப்படுகின்றன. இதை இம்ப்ளான்ட் என்கிறார்கள்.

எலும்பு ஏன் அந்த உலோகத்தைப் பிடித்துக்கொள்கிறது? அதைக் கண்டவர் அதைத் தேடிப் போனவரல்லர். 1952ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் பெர் இங்வார் பிரானிமார்க் என்ற மருத்துவர், எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியக் குழாய் ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் கழறவில்லை. எலும்பும் உலோகமும் ஒன்றாகியிருந்தன. டைட்டானியத்தின் மேற்பரப்பில் உடனே படியும் மெல்லிய ஒக்சைட் படலத்தால் உடல் அதை அந்நியப் பொருளாக எதிர்ப்பதில்லை. 1965இல் கொதன்பர்க் நகரில், தாடையில் பிறவிக் குறைபாடும் பற்களின்மையும் கொண்ட ஒருவருக்கு முதன்முதலாக அவர் இதைச் செய்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும் வரை நாற்பது வருடங்களுக்கு மேலாக அந்தப் பற்களாலேயே உண்டார். ஆனாலும் சக மருத்துவர்கள் நீண்ட காலம் நம்பவில்லை. 1982இல் கனடாவின் டொரொன்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் இதை ஏற்றது. இன்று, தகுந்த நோயாளிக்குத் தகுந்த முறையில் வைத்தால், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பத்து வருடம் தாண்டியும் நிற்கின்றன.

"தகுந்த நோயாளி" என்று சொன்னேன். கடிதம் எழுதிய சகோதரி இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும். உம்மாவுக்குச் சீனி வருத்தம் இருப்பதாகவும், வெற்றிலை போடும் பழக்கம் உண்டென்றும் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். எனக்கு அதுதான் கடிதத்தின் முக்கிய பகுதியாகப் பட்டது.

சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குப் புண் ஆறுவது தாமதம். முரசு நோய் அதிகம். அந்தப் பற்கள் ஆடி விழுந்ததற்கே அது காரணமாக இருக்கலாம். கட்டுப்பாட்டில் இருந்தால் பல் பதிப்பதற்குத் தடையில்லை. ஆகவே முதலில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைச் செய்து பல் வைத்தியரிடம் காட்டுங்கள். எலும்புத் தேய்வுக்கு வாரத்துக்கொரு முறை விழுங்கும் மாத்திரை எடுக்கும் பெண்கள் அதையும் தவறாமல் சொல்ல வேண்டும். அவ்வகை மருந்துகளில் சில, பல் பிடுங்கிய அல்லது துளைத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் கெட்டுப்போக வழிவகுக்கும் என்பது 2003 முதல் தெரிய வந்திருக்கிறது. கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வெற்றிலை பற்றிப் பலமுறை எழுதியாயிற்று, நம் வீட்டு மூத்தம்மாமார் கேட்பதாயில்லை. புகையிலை சேர்ந்தால்தான் ஆபத்து என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டையும், பாக்கைத் தனியாகவும் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்துவிட்டது. பாக்கு வாயின் உட்தோலை நார் போல் இறுக்கி, நாளடைவில் வாயைத் திறக்க முடியாமலும் ஆக்கும். இரண்டு விரல் நுழையாத வாய்க்குள் வைத்தியர் எந்தக் கருவியை நுழைப்பார்? உம்மா பல் போட விரும்பினால் வெற்றிலைத் தட்டத்தை முதலில் எடுத்து வைக்கட்டும். வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு ஏதும் இருந்தால், பல்லை மறந்து அதைக் காட்டுவதற்கு உடனே போங்கள்.

சரி, இவையெல்லாம் சீராக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் ஸ்கேன் எடுத்து எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் பார்ப்பார். பல் போன இடத்து எலும்பு, வேலையில்லாததால் கரையத் தொடங்கும். பல் பிடுங்கிய முதல் வருடத்திலேயே அகலத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடுவதுண்டு. மேல் முன்பகுதியில் எலும்பு இயல்பாகவே மெல்லியது. அதனால் இந்த உம்மாவைப் போன்றவர்களுக்கு எலும்புத் தூள் நிரப்ப வேண்டும் என்று வைத்தியர் சொல்ல இடமுண்டு. மார்க்கத்தைப் பொறுத்தவரை உண்மையாகக் கேட்டுத் தெளிய வேண்டிய இடம் இதுதான். திருகாணியைப் பற்றிக் கவலைப்பட்ட மச்சிக்கு இது தெரியாமல் போயிற்று.

எலும்புத் தூள் பல வகை. நோயாளியின் சொந்த எலும்பிலிருந்து, தாடையின் வேறு பகுதியில் இருந்து, எடுப்பது ஒன்று. இறந்த மனிதர் தானம் செய்த எலும்பில் இருந்து செய்வது இன்னொன்று. மாட்டெலும்பில் இருந்து செய்வது பரவலாகப் பயன்படுவது. பன்றியில் இருந்து செய்வதும் சந்தையில் உண்டு. தூளின் மேல் போர்த்தும் மெல்லிய சவ்வுகளில் பல பன்றியின் தோலில் அல்லது சவ்வில் இருந்து எடுத்த கொலாஜனால் ஆனவை. இவற்றோடு, கல்சியம் பொஸ்பேற்றில் இருந்து முற்றிலும் செயற்கையாகச் செய்யப்படும் தூளும் இருக்கிறது. செயற்கைச் சவ்வும் இருக்கிறது. சொந்த எலும்பு, செயற்கைத் தூள் இரண்டிலும் பேச்சில்லை. அறுக்கப்படாத மாட்டின் எலும்பு ஷாபிஈ மத்ஹபில் நஜீஸ். ஹனபி மத்ஹபில் சுத்தமானது. கடும் வெப்பத்திலும் இரசாயனத்திலும் அதன் தன்மையே மாறிவிடுவதால் ஆகும் என்று இக்கால அறிஞர் சிலர் கூறுவதும் உண்டு. பன்றியில் இருந்து வந்ததை, வேறு கிடைக்கும்போது நாடக் கூடாது. சுத்தமான வேறொன்று கிடைக்காத நிலையில் உடைந்த எலும்பை நஜீஸான ஒன்றால் பொருத்தியவர் மன்னிக்கப்படுவார் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் "மின்ஹாஜ்" நூலில் எழுதியுள்ளார்கள். கிடைக்கும்போது அந்தச் சலுகை இல்லை என்பதும் அதிலேயே அடங்கும். ஆகவே கதிரையில் சாய்ந்த பிறகல்ல, திகதி குறிக்கும் நாளிலேயே வைத்தியரிடம் கேளுங்கள்: தூள் எதிலிருந்து, சவ்வு எதிலிருந்து? பெட்டியில் எழுதியிருக்கும். பதில் சொல்ல அலுத்துக்கொள்ளும் வைத்தியரை விட்டு வேறொருவரைப் பார்ப்பதில் தப்பில்லை. தெரியாமல் முன்பே வைத்துவிட்டவர்கள் பயந்து அதைத் தோண்டி எடுக்கப் போக வேண்டாம்.

சத்திர சிகிச்சை என்றதும் உம்மா பயப்படுவார். பல் பிடுங்கும்போது போடும் அதே விறைப்பு ஊசிதான். முரசைத் திறந்து, நீர் பாய்ச்சிக்கொண்டே மெதுவாக எலும்பைத் துளைப்பார்கள். எலும்பு 47 பாகை செல்சியஸ் வரை சூடாகி ஒரு நிமிடம் நின்றாலே அந்த இடம் கெட்டுவிடும் என்பதால் இந்த நிதானம். அதன் பின் எலும்பு பிடிப்பதற்குக் கீழ்த்தாடையில் ஏறக்குறைய மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் வரை என்பது பழைய கணக்கு. இன்று பல சமயம் அதைவிடக் குறைகிறது. இடைக்காலத்தில் கழற்றி மாட்டும் தற்காலிகப் பல் தருவார்கள். மூன்று பல்லுக்கு மூன்று திருகாணி தேவை என்பதுமில்லை. இரண்டு வைத்து மூன்று பற்களை அவற்றின் மேல் பாலம் போல் கட்டலாம். செலவைக் குறைக்கும் இந்தக் கேள்வியையும் கேளுங்கள்.

குளிப்பு, வுழூ பற்றி. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் வாய் கொப்பளிப்பது வுழூவிலும் கடமையான குளிப்பிலும் சுன்னத். வாயின் உட்புறம் கழுவப்படுவது பர்ளு அல்ல. ஹனபி மத்ஹபில் குளிப்பில் மட்டும் பர்ளு. அங்கும் கழற்ற முடியாதபடி பதிந்த பல் உடலின் உறுப்பாகவே கணிக்கப்படும், அதன் மேல் தண்ணீர் பட்டால் போதும். எலும்புக்குள் இருக்கும் திருகாணியைத் தண்ணீர் தொட வேண்டும் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. கால் முறிந்து தகடு வைத்தவரிடம் நாம் அப்படிக் கேட்கிறோமா? ஒன்று மட்டும் கவனியுங்கள். சிகிச்சை செய்த நாளில் வேகமாக வாய் கொப்பளித்தால் உறைந்த இரத்தம் கலைந்து மீண்டும் ஒழுகும். அன்றைய வுழூவில் கொப்பளிப்பதை விட்டுவிடலாம். சுன்னத்தைக் காரணத்தோடு விடுவதில் குற்றமில்லை. ரமழானில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஊசி நோன்பை முறிக்காது என்றாலும் இரத்தம் தொண்டையில் இறங்கினால் நோன்பு பிரச்சினைக்குள்ளாகும். மற்றப் பதினொரு மாதம் எதற்கு இருக்கிறது?

பெண் பல் வைத்தியர் கிடைத்தால் அவரிடம் போவது சிறந்தது. நம் பிள்ளைகள் பலர் இன்று பல் வைத்தியம் படித்து வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். கிடைக்காவிட்டால் மஹ்ரமான ஒருவரோ இன்னொரு பெண்ணோ கூடப் போகலாம். ஆண் வைத்தியர் என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆணோ பெண்ணோ, இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவர்தானா என்று பாருங்கள். பதியாதவர்கள் குறைந்த விலையில் பல் கட்டித் தரும் இடங்கள் ஊர்களில் உண்டு. அங்கே போய் முரசு அழுகி வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவோம். இது கட்டுப்பல் செட்டைவிடப் பல மடங்கு செலவாகும். மகன் மனமுவந்து அனுப்புகிறார், அவரிடம் இருக்கிறது என்றால், உம்மா அதை ஏற்றுக்கொள்வது வீண்விரயமல்ல. உம்மாவின் வாய்க்குச் செலவழிக்கும் மகனுக்கு அது நன்மை. ஆனால் அவரும் அங்கே கடன்பட்டு அனுப்புகிறார் என்றாலோ, இங்கே காப்பை வட்டிக்கு அடகு வைக்கும் யோசனை இருந்தாலோ வேண்டாம். கழற்றி மாட்டும் நல்ல கட்டுப்பல் இந்த வேலையைச் செய்யும். மேல்வரிசை முன்பற்கள் மூன்றுக்குக் கட்டுப்பல் நன்றாகவே நிற்கும். பழக இரண்டு மூன்று வாரம் எடுக்கும், அதன் பின் "தா"வும் "தாலும்" திரும்பி வரும். பக்கத்துப் பற்கள் உறுதியாக இருந்தால் அவற்றை அராவிப் பாலம் கட்டும் முறையும் உண்டு. நல்ல பற்களைக் கரைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அதன் குறை.

வேறு வகையினர் ஒருவரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பற்கள் அத்தனையும் போய், கீழ்த்தாடை செட் நிற்காமல் ஒவ்வொரு கவளத்துக்கும் துள்ளும் மூத்தம்மாமார். மேல் செட் அண்ணத்தில் ஒட்டி நிற்கும், கீழ் செட்டுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. 2002இல் கனடாவின் மொன்றியல் நகரில் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், இப்படிப்பட்டவர்களுக்குக் கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு திருகாணி வைத்து, சட்டைப் பித்தானைப் போல் அமுக்கி மாட்டும் செட் கொடுப்பதே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்றார்கள். முழு வரிசையும் பதிப்பதைவிட இது எவ்வளவோ மலிவு. இரவில் கழற்றிக் கழுவலாம். கஞ்சியும் பாணும் மட்டும் தின்று மெலிந்துபோகும் முதியவர்களுக்கு இறைச்சியும் பழமும் மீண்டும் கிடைக்கும்.

இதற்கு மாறாக, பல் முளைத்து முடியாத வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் செய்யக் கூடாது. தாடை வளர்ச்சி முடியும் வரை பொறுக்க வேண்டும். திருகாணி எலும்போடு வளராது, மற்றப் பற்கள் இறங்க இது மேலேயே நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் விழுந்து பிள்ளையின் நிலையான முன்பல் முழுதாகக் கழன்று வந்தால், வேரைத் தேய்க்காமல் பாலில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் ஓடுங்கள். அதே பல்லைத் திரும்ப வைக்க வாய்ப்புண்டு.

பதித்த பல்லுக்குச் சூத்தை வராது. ஆனால் அதைச் சுற்றிய முரசுக்கு நோய் வரும், எலும்பு கரையும், திருகாணி கழலும். வலி பெரும்பாலும் கடைசியில்தான் தெரியும். மிஸ்வாக்கோ பிரஷ்ஷோ, ஒவ்வொரு நாளும் இடுக்கு வரை துப்புரவு வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை வைத்தியரிடம் காட்டவும் வேண்டும். திருகாணியின் தயாரிப்பும் அளவும் எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். அதை அடையாள அட்டையோடு வையுங்கள். பின்னொரு நாள் வேறு ஊரில் பழுது பார்க்க அது இல்லாமல் முடியாது.

உம்மாவுக்கு மனதுக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறதாம், கேட்க வெட்கப்படுகிறார் என்று சகோதரி ஓரத்தில் எழுதியிருக்கிறார். மௌத்தான பிறகு குளிப்பாட்டுகிறவர்கள் அந்தப் பல்லைப் பிடுங்குவார்களா? மாட்டார்கள். மையித்தின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்று ஹதீஸில் வந்துள்ளது. எலும்பில் பதிந்ததை அப்படியே விட்டு அடக்கலாம். கழற்றி மாட்டும் பல்லை மட்டும், வாய் இறுகுமுன் இலகுவாக வந்தால் எடுத்துவிடலாம். வராவிட்டால் அதற்காக வாயை வருத்தக் கூடாது.

வஸ்ஸலாம்.